எதிர்வீட்டுக் கதர்த் தம்பதி

ஆகஸ்ட் போராட்டத்தில் என் தம்பி தலைமறைவான மறுவாரமே, மயிலாப்பூரில் எங்கள் எதிர்வீட்டுக்கு ஒரு தம்பதி குடிவந்தார்கள். இருவரும் கதர்தான் கட்டினார்கள். அவர் வாசலில் தினசரியை விரித்துக்கொண்டு எங்கள் வீட்டையே பார்ப்பார். பக்கத்தைப் புரட்டக்கூடத் தோன்றாத மண்டு. அவள் தினமும் வந்து அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பாள்.

தெருச் சலவைக்காரர் அவருடைய ஜிப்பாவின் ஓரத்திலிருந்த பழைய மைக்குறியைக் காட்டினார். "இன்னா சாமி, தெரியலியா? இது போலீஸ் லைன் குறி. என் மச்சான்தான் அங்க வெளுத்துக்கினு கீறான்."

நான் போய்ச் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "போடா, பொண்டாட்டியோட குடித்தனம் வந்து யாராவது உளவு பாப்பாளா?"

அதற்காகத்தானே ஜோடியாக அனுப்பியிருந்தார்கள்! காய் நறுக்கும்போது தம்பி ஒளிந்திருந்த இடத்தை அம்மா அவளிடம் சொல்லிவிட்டாள். தம்பி அடையாற்றில் பிடிபட்டான்.

அம்மா கதறினாள். எதிர்வீட்டுக்காரியும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யாகத் தெரியவில்லை. இன்றுவரை எனக்குப் புரியாதது அதுதான்.

வெட்கங்கெட்ட அந்த மனிதர் வாசலிலிருந்து, "வேலை முடிஞ்சுது, கெளம்பு" என்றார்.

கண்ணைத் துடைக்காமலே அவள் சொன்னாள்: "செத்த இருங்கோ. அவனுக்குச் சாதம் போட்டவா பேரையெல்லாம் சொல்லி மாமி அழுதுண்டிருக்கா."