ஜெனரேட்டர் இழுக்க ஒரு பிக்கப்: சேலம், நாமக்கல், எருமப்பட்டி

சேலத்தில் கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். சக்கரம் வைத்த ஜெனரேட்டர் ஒன்று, அதை இழுக்கப் பிக்கப் ஒன்று, ஓட்டுவதற்கு என் கணவர் காதர். பதினான்கு வருடம் இப்படித்தான் ஓடியது. எட்டு மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பிக்கப்பை விற்றோம். இப்போது நடக்கிறார், இடது காலை மட்டும் கொஞ்சம் இழுப்பார். "வண்டி வந்துட்டாப் போதும் பானு, ஆவணியிலேயே ஓட ஆரம்பிச்சிடலாம்" என்று தினமும் சொல்வார். மண்டபக்காரர்களோ ஆவணி முகூர்த்தம் வரைதான் பொறுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி பார்க்கக் கிளம்பினோம்.

டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி ஓட்டலாமா என்று டாக்டரைக் கேட்க எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை.

காலை எட்டு மணிக்கு முதல் வண்டி, சீலநாயக்கன்பட்டி பக்கம் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில். எட்டு வருடப் பழசு, 4 லட்சத்து 10 ஆயிரம். "மூணு டன் அசால்ட்டா ஏத்தலாங்க, ஸ்பிரிங் பட்டை கூடச் சேத்து அடிச்சிருக்கு" என்றார் புரோக்கர். நம் பக்கத்தில் எல்லோரும் செய்யும் தப்பு இது. எவ்வளவு ஏற்றலாம் என்று பார்த்தே வண்டி வாங்குவோம். ஏற்றுவது வேறு, இழுப்பது வேறு. எங்கள் ஜெனரேட்டர் ஒன்றே முக்கால் டன், அதற்குத் தனி பிரேக் கிடையாது. முன்னால் போகும் வண்டி லேசாக இருந்தால் இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளிவிடும். காதர் குனிந்து பார்த்துவிட்டு, "கொக்கியை பம்பர்ல வெல்டு வச்சிருக்காங்க, சேசிஸ்ல இல்ல" என்றார். சரியான காரணம். நகர்ந்துவிட்டோம்.

நாமக்கல்லுக்குப் பஸ், ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஒன்றேகால் மணி நேரம். இரண்டாவது வண்டி நாலே வருடப் பழசு, 6 லட்சத்து 40 ஆயிரம். கனமான வண்டி. கொக்கி சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தால் புகையே இல்லை. "ஓட்டிப் பாருங்க" என்று சாவியை நீட்டினார்கள். காதர் வாங்கவில்லை. "டீசல் குடிக்கும்" என்றார். பிறகு சீட் உயரம் என்றார். அப்புறம் கலர் பிடிக்கவில்லை என்றார். ஜெனரேட்டர் இழுக்கிற வண்டிக்குக் கலர் எதற்கு? எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தெருவிலேயே சத்தம் போட்டேன். அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். சாவியை வாங்காதபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து எருமப்பட்டி போய்ச் சேர மதியம் ஒன்றரை. மூன்றாவது வண்டி, வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு விவசாயியுடையது. ஆறு வருடப் பழசு, 5 லட்சத்து 20 ஆயிரம். அவர் பெரிய வண்டி எடுத்துவிட்டாராம். காதர் கீழே படுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒரு குறையும் அகப்படவில்லை.

"சும்மா ஓட்டிப் பாத்தா என்னங்க தெரியும்? தண்ணி டேங்கரை மாட்டித் தாரேன், இழுத்துப் பாருங்க சாமி" என்று அந்த மனிதரே பாதித் தண்ணீரோடு நின்ற டேங்கரைக் கொண்டுவந்து மாட்டினார். இழுவை வண்டி வாங்குகிறவர்கள் இப்படித்தான் பார்க்க வேண்டும். வெறும் வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

காதர் ஏறினார். இடது காலைக் கையால் தூக்கி கிளட்சில் வைத்தார். கியர் விழுந்தது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. மறுபடியும் நின்றது. மூன்றாவது முறை கால் பெடலிலிருந்தே வழுக்கிவிட்டது.

"புது வண்டி பழகற வரைக்கும் அப்படித்தானுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றார் விவசாயி.

காதர் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டுக் கதவைப் பிடித்து மெதுவாக இறங்கினார். "வண்டி நல்லா இருக்குங்க. எனக்குத்தான் கால் வரல" என்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்த மனிதர் டேங்கரைக் கழற்றிவிட்டு, "இருங்க, டீ குடிச்சுப்போட்டுப் போலாம்" என்று மட்டும் சொன்னார். குடித்தோம்.

திரும்பும்போது ராசிபுரம் பக்கம் பஸ்ஸில், "ஆவணிக்கு நாம வரலன்னு மண்டபக்காரங்ககிட்ட நீயே சொல்லிடு பானு" என்றார். அங்கிருந்தே நான்கு பேருக்கு போன் செய்தேன்.

உங்களில் யாராவது இழுவை வண்டி வாங்கப் போனால், கொக்கி சேசிஸில் இருக்கிறதா, பிரேக் எப்படி, பாரம் மாட்டி இழுக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் எருமப்பட்டி வண்டிதான் சிறந்தது, அந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஓட்டப் போகிறவர் உடம்பு சரியில்லாமல் கிடந்து எழுந்தவர் என்றால், முதலில் டாக்டரைக் கேளுங்கள். பிறகு வீட்டு வாசலிலேயே, தெரிந்தவர் யாருடைய வண்டியையாவது நிறுத்தி வைத்து, இருபது முறை கிளட்ச் மிதிக்கச் சொல்லுங்கள். தினமும் அவர் செருப்பு மாட்டப் படும் பாட்டை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறந்து கேட்டிருந்தால் என் முன்னால் மட்டும் தோற்றிருப்பார்.