ஒன்றரையை இரண்டாக்கிய ரிப்போர்ட்

கிட்ட வந்து உட்காருங்கள். பொடி பேசாது, அதற்காக நாங்கள் பேசுவோம். அதுதான் எங்கள் தொழில். அம்பத்தூர் எஸ்டேட் லேப் ஒன்றில் குடுவை கழுவியவன் நான். யாரோ எழுதும் நம்பரில் நம் சோறு தொங்குவது வேலைக்குப் போன உங்களுக்கும் தெரியும்.

அரை கிடையாது

எங்கள் கெமிஸ்ட் ஸ்டெல்லா அம்மா பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருவார். பொடியில் எது நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பார்ப்பார். ஒவ்வொரு பங்கையும் அதனதன் அணு எடையால் வகுப்பார். வந்ததில் சின்னதை வைத்து மறுபடி எல்லாவற்றையும் வகுத்தால், எதற்கு எத்தனை அணு என்று தெரிந்துவிடும். அதுதான் ஃபார்முலா. ஒருநாள் 1.98 வந்ததை இரண்டு என்று எழுதினார். ஏன் என்று கேட்டேன். "அணுவுல அரை, கால் கிடையாது, கோவிந்தண்ணே."

கறுப்புப் பொடி

காந்தம் செய்யும் கம்பெனி ஒன்றின் ஸ்டோரிலிருந்து, மாங்கனீஸும் ஆக்சிஜனும் சேர்ந்த பொடி ஒன்று சோதனைக்கு வந்தது. மேசையில் சாம்பிள் குவிந்து கிடந்த நாள். ஒரு மாங்கனீஸுக்கு ஒன்றரை ஆக்சிஜன் என்று கணக்கு வந்தது. அவசரத்தில் அம்மா ஒன்றரையை இரண்டாக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு என்றால் அது வேறு பொடி. வாங்கியதை விற்றுவிட்டு வேறெதையோ கொட்டி வைத்தான் என்று அந்தக் கம்பெனி ஸ்டோர் கீப்பர் ஏழுமலையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அவர் ரிப்போர்ட் நகலோடு எங்கள் லேப்புக்கு வந்தார். "இன்னா மேடம் இப்டி எழுதிக்கீறீங்க? திருடன்றானுங்க. பன்னெண்டு வருசமா ஸ்டோர்ல கீறேன், அரை மூட்டைய முழு மூட்டைன்னு ஒருநாளும் எழுதுனதில்ல."

இரண்டுக்கு மூன்று

அம்மா உடனே நோட்டைப் பிரித்தார். பாதி வந்தால் ஏற்றவும் கூடாதாம், தள்ளவும் கூடாதாம். இரண்டு பக்கத்தையும் இரண்டால் பெருக்க வேண்டுமாம். இரண்டு மாங்கனீஸுக்கு மூன்று ஆக்சிஜன். கம்பெனி வாங்கிய அதே பொடி.

"தபால்ல திருத்தி அனுப்பும்மா, லேப் பேரு கெட்டுடும்" என்றார் எங்கள் முதலாளி. அம்மா கேட்கவில்லை. என்னையும் ஏழுமலையையும் கூட்டிக்கொண்டு அந்தக் கம்பெனிக்கு நடந்தே போனார். ஷிப்ட் விட்டு ஆட்கள் வரும்வரை கேட்டில் வெயிலில் நின்றார். மானேஜரும் இருக்க, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "இவர் எதையும் திருடலை. கணக்குல தப்பு பண்ணது நான்."

ஒன்றரையை இரண்டாக்க எங்கள் லேப்புக்கு அரை நிமிஷம் போதுமாயிருந்தது. அதைத் திருத்த அம்மா அந்தக் கேட்டில் அரை நாள் நின்றார்.