ஆற்றைத் துரத்திய துறை

நான் வழக்கமாகப் போகும் மூதூர் லோஞ்சுப் படகில் அவர், தான் வாங்கிவரும் பலகைக் கட்டின் மேல்தான் இருப்பார். விரல்களில் தார் கறுத்திருக்கும். வெருகல் ஆற்றுவழியே நெல் மூட்டைகளைப் படகில் ஏற்றிவர, காணியை விற்றுச் சொந்தமாக இறங்குதுறை கட்டியவர். கட்டியது மாரியில், ஆறு கரைமுட்டி ஓடிய நேரம். கோடைக்குக் கோடை தண்ணீர் விலக விலக, அவரும் பலகை அடித்து, தார் பூசித் துறையை நீட்டிக்கொண்டே போனார்.

"அந்தக் காசுக்கு ஒரு லொறி வாங்கியிருக்கலாமே, அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"லொறிக்கு அரசாங்கம் றோட்டுப் போட்டுத் தருது, தம்பி. ஆத்துக்கு ஆர் போடுறது?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றும் தெரியவில்லை.

அடுத்த கோடையில் வெருகல் போனேன். துறை மணலுக்கு மேலே நெடுக நின்றது. அதன் நிழலில் மாடுகள் படுத்திருந்தன. ஆறு இன்னும் எட்டத்தில் ஓடியது. நுனிப் பலகைகளில் மட்டும் தார் காயவில்லை.