கட்டில் எந்தப் பக்கம்?

எங்கள் புறநகர்ப் பள்ளி வட்டார அலுவலகத்தில் லொரெட்டா ஸ்டான்சாக் பார்க்கும் வேலை, பிள்ளைகள் உண்மையிலேயே எல்லைக்குள் குடியிருக்கிறார்களா என்று சரிபார்ப்பது. நல்ல பள்ளிக்காக அத்தை வீட்டு முகவரி கொடுத்தவர்கள், கார் கொட்டகையில் வாடகைக்கு இருப்பதாகக் காகிதம் காட்டியவர்கள் எல்லோரும் இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் மாட்டியிருக்கிறார்கள். மளிகைக் கடை வரிசையில் அவரைக் கண்டால், தப்பே செய்யாதவர்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். அதை மரியாதை என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த ஜனவரியில் நிலத்தைப் புதிதாக அளந்தபோது, பள்ளி வட்டார எல்லைக்கோடு கர்ட்டிஸ் எம்ப்ரி என்பவரின் வீட்டுக்கு நடுவே போவது தெரிந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரே விதிதான்: பிள்ளை எந்தப் பக்கம் தூங்குகிறதோ, அந்தப் பக்கத்துப் பள்ளி. அவர் மகள் ஜோலீன் எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. இசைக்குழுவில் டிராம்போன் வாசிக்கிறாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் என்று முடிவானால் திங்கட்கிழமை முதல் வேறு பள்ளி. அங்கே இசைக்குழுவே கிடையாது.

லொரெட்டா அளவுநாடாவோடு கிளம்பினார். மறுமுனையைப் பிடிக்க, அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நானும் போனேன். நிலம் அளந்தவர்கள் வீட்டு முன்பக்கம் அடித்திருந்த முளையிலிருந்து பின்பக்க முளைவரை வீட்டுக்குள்ளேயே நூல் கட்டினோம். படுக்கையறை முழுவதும் அடுத்த வட்டாரத்துப் பக்கம் போய்விட்டது. ஆனால் கட்டில் சமையலறையில் இருந்தது, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்.

“பாப்பா இங்கயா தூங்குது?” என்றார் லொரெட்டா.

“ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டாத்தான் மேடம் அவளுக்குத் தூக்கமே வரும்,” என்றார் கர்ட்டிஸ்.

“அந்த ரூம் கம்பளத்துல நாலு குழி இருக்கே?”

“அது... பெரிய பியானோ ஒண்ணு இருந்துச்சு.”

“பெரிய பியானோவுக்கு மூணு கால்தான் சார்.”

கர்ட்டிஸ் கூரையைப் பார்த்தார். கூரை போடுவதுதான் அவர் தொழில். அன்று அதுவும் அவருக்கு உதவவில்லை.

“போதும்ப்பா,” என்றாள் ஜோலீன். “மிஸ் லொரெட்டா, இந்தக் கட்டிலை அப்பா மத்தியானம்தான் இழுத்துட்டு வந்தார். ஆனா நான் கட்டில்லயே படுக்கறதில்ல. டிவி பாத்துக்கிட்டே சோபாலதான் தூங்குவேன்.”

“தினமுமா?”

“தினமும்.”

“கட்டில்ல படுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டியா?” என்று கர்ட்டிஸ் தலையில் கைவைத்தார்.

கூடத்துக்குப் போனோம். சோபாவில் கசங்கிய போர்வை, பிஸ்கட் தூள், பல்கம்பி டப்பா, பாதியில் நின்ற கணக்குப் பாடம். பல வருடக் குடித்தனம் என்று பார்த்ததுமே தெரிந்தது. நூல் சோபாவுக்குக் குறுக்கே போயிற்று.

“தலை எந்தப் பக்கம் வெப்பே?”

ஜோலீன் படுத்தே காட்டினாள். தலையணை எங்கள் பக்கம். இடுப்புக்குக் கீழே அடுத்த வட்டாரம்.

லொரெட்டா நூலையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பாடம் தலையிலதானே ஏறணும்?” என்றார் லொரெட்டா கடைசியில். “காலை அவங்களே வெச்சுக்கட்டும்.”

அப்படியும் அவர் உடனே கையெழுத்துப் போட்டுவிடவில்லை. தலையணையைத் தனியாக அளந்து, இருபத்தாறு அங்குலமும் எங்களுடையதே என்று எழுதிக்கொண்டார். “ஜூன்ல பள்ளி வருஷம் முடியற வரைக்கும் சோபாவை ஒரு அங்குலம்கூட நகத்தக்கூடாது.”

“அப்போ டிவியையாவது அணைக்கச் சொல்லலாமா?” என்று கேட்டார் கர்ட்டிஸ், ஈனக்குரலில்.

“அதைப் பத்தி எங்க விதியில ஒண்ணும் இல்ல சார்,” என்றார் லொரெட்டா.

ஜோலீன் ஏற்கெனவே ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.