பிரிபடாத தண்ணீர்

அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் வேலை, சம்பளமில்லாமல் ஏச்சு வாங்கும் வேலைகளில் முதல் வரிசையில் நிற்பது. அதை ஏற்ற நாளிலிருந்து ஒரு பழைய சத்தம் எனக்கு அடிக்கடி கேட்கிறது. நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், உத்தமபாளையத்தில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். முதலில் ஓர் இழுப்பு. பிறகு ஒரு நீண்ட மூச்சு. கடைசியில் தொண்டையைச் செருமுவது போல ஒரு குமுறல். அந்தச் செருமலுக்கு வரிசையில் இருந்த குடங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நகரும். தண்ணீரைக் கண்ணால் பார்க்குமுன் காதால் அறிந்தவர்கள் நாங்கள்.

இப்போது தேனியில், இருபத்துநான்கு வீடுகள் உள்ள கட்டடம் ஒன்றில் இருக்கிறேன். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று செயலாளராக்கிவிட்டார்கள். நீங்களும் எங்காவது இப்படி மாட்டிக்கொண்டவர் என்றால், இனி சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

ஒருத்தர் குளியல்

எங்களுக்கு ஒரு போர்வெல், ஒரு நகராட்சி இணைப்பு, கோடையில் லாரித் தண்ணீர். எல்லாம் ஒரே தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் இறங்கும். வரும் செலவை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவோம். வீட்டில் ஒருவர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் ஒரே தொகை.

மூன்றாம் மாடிக் குமரேசன் வங்கி ஊழியர், தனி ஆள். வெள்ளிக்கிழமை வடுகபட்டிக்குப் போனால் திங்கட்கிழமைதான் திரும்புவார். வீரபாண்டித் திருவிழா வாரத்தில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள் வந்து, லாரிக்குப் பின்னால் லாரி நின்றது. அந்த மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு என் வாசலுக்கு வந்தார். கோபப்படக்கூட இல்லை. "எனக்கு ரெண்டு சட்ட, ஒரு தட்டு, காலையில ஒரு குளியல். ஊரே வந்து குளிச்சுட்டுப் போகுது மேடம், நான் வாசல்ல நின்னு சோப்பு மட்டுந்தான் குடுக்கல."

பங்குக் கிணறு

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பது என்று கூட்டம் போட்டோம். எதிர்த்துப் பேசியவர் தரைத்தளத்துச் சுருளிச்சாமி ஐயா. கோம்பையில் தோட்டம் வைத்திருந்தவர். நிலத்தை மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மனைவியோடு இங்கே குடிவந்தவர். அவர் தோட்டத்துக் கிணறு நான்கு பங்காளிகளுக்குப் பொது. யார் எந்தக் கிழமையில் இறைத்துக்கொள்வது என்ற முறை அவர் பிறக்குமுன்பே பேசி முடிந்துபோனது. தண்ணீரை லிட்டர் கணக்கில் அளப்பது அவருக்கு வெயிலை அளப்பது போல இருந்தது.

இங்கேயும் வீட்டுக்கு ஒரு கிழமை என்று முறை வைத்துவிடலாமே என்றார். வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டால் மாடி வீட்டில் பிள்ளை குட்டிகளோடு இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, வீடு வாங்கியபோது நான் அவருக்கு வாசித்துக் காட்டிய பத்திரத்தை நினைவுபடுத்தினார். "நெலமும் கெணறும் எல்லாருக்கும் பிரிபடாத பாகம்னு நீங்கதான வாசிச்சீக? பிரிபடாததப் பிரிக்கிற மிசினு எந்தக் கடையில விக்கிது ஆத்தா?"

சமையலறை மீட்டர்

ஆனாலும் மீட்டர் வந்தது. வைக்க நினைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு இரண்டு குழாய்கள் இறங்குகின்றன. ஒன்று சமையலறைக்கு, இன்னொன்று குளியலறைக்கு. சிக்கனம் என்று நினைத்து வீட்டுக்கு ஒரே ஒரு மீட்டர் வாங்கி, கைக்கு எட்டும் சமையலறைக் குழாயில் பொருத்தினோம்.

சில நாட்களில் கட்டடத்தின் ஓசையே மாறிப்போயிற்று. காலையிலும் மாலையிலும் வாளிக் கைப்பிடிகளின் கிணுகிணுப்பு. அளக்காத குழாயிலிருந்து அளக்கிற குழாயடிக்குத் தண்ணீர் நடந்து போய்க்கொண்டிருந்தது. அரிசி களைவதும் பாத்திரம் கழுவுவதும் குளியலறைக்கு இடம் மாறின. ஒரு கையெழுத்துக்காகக் குமரேசன் வீட்டுக்குப் போனேன். மீட்டர் வேண்டும் என்று கேட்ட அதே மனிதர், குளியலறையில் குத்தவைத்துத் தக்காளி கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயைத் திருகி மூடினார், பாவம். மீட்டரின்படி பார்த்தால் எங்கள் கட்டடத்தில் எவருமே சோறு பொங்கவில்லை. பொருத்திய பிளம்பர் மாரியைக் கூப்பிட்டு, முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள்லாம் படிச்சவுக, ஏதோ கணக்கு வச்சுத்தான் ஒரு வாசல்ல உண்டியலும் மறு வாசல்ல தெறந்த கதவுமா வைக்கச் சொல்றீகன்னு நெனச்சேன்."

மூச்சு

இரண்டாவது மீட்டரும் வைத்தோம். அடுத்த ஆண்டு சித்திரையில் போர்வெல் வற்றி, லாரி வரத் தாமதமாகி, தொட்டி அடிக்கடி காலியானது. அப்படி ஒரு நாள் குமரேசன் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தார். குழாயைத் திறந்து காட்டினார். சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்போதுதான் தொட்டி நிரம்பத் தொடங்கியிருந்தது. குழாய்க்குள் தங்கியிருந்த காற்றைத் தண்ணீர் கீழே தள்ளியது. முதலில் ஓர் இழுப்பு, பிறகு அந்த நீண்ட மூச்சு. நான் உத்தமபாளையத்துத் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். குமரேசனோ மீட்டரைக் காட்டிக்கொண்டிருந்தார். காற்றின் வேகத்தில் அதன் முள் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "தண்ணி வரல, மீட்டரு ஓடுது. இனிமே வீட்டுக்குள்ள பெருமூச்சு விட்டாலும் பில்லுப் போடுவீகளா மேடம்?"

ஒற்றை வார்த்தை

மாரி காற்றுப் போக்கிக் குழாய் வைத்து அதைச் சரிசெய்தான். கணக்கு ஒழுங்காக வரத் தொடங்கியது. வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு. அதைத் தாண்டினால் லாரித் தண்ணீர் விலை. வரம்பை எல்லோரையும் விட அதிகமாகத் தாண்டியது முதல் மாடி ஜமீலாவின் வீடு. அவள் கணவர் இஸ்மாயில் பாய் குமுளிக்கும் கம்பத்துக்குமாக ஏலக்காய் வியாபாரம் செய்தவர். பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார். அவரைத் துடைத்து, விரிப்பை மாற்றி, அலசி, திரும்ப மாற்றுவதுதான் அவள் பகல் முழுவதும். அவர் முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த மாதம் அவள் மீட்டர் கணக்கு பாதியாக இறங்கியிருந்தது. மாரி குறித்துக் கொடுத்த எண்ணைப் பார்த்துக்கொண்டே அவள் வாசலைத் தாண்டி இரண்டு படி ஏறியவள், திரும்ப இறங்கிக் கதவைத் தட்டினேன். கொடியில் ஒரே ஒரு விரிப்பு காய்ந்தது. அறைக்குள் முன்பு இல்லாத ஒரு வாடை. பாய் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். என்னவென்று கேட்டேன். அவள் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினாள். "துணிய அலசையில அந்த முள்ளு சுத்துற சத்தம் இங்கன வரைக்கும் வருதுக்கா. அவுகளுக்கு இப்ப வாயில வர்றது ஒத்த வார்த்ததான், அந்தச் சத்தத்தக் கேட்டதும் 'போதும்'ங்குறாக."

முறை விடுதல்

அவசரக் கூட்டம் போட்டு, அந்த வீட்டுக்கு மட்டும் சலுகை தரலாம் என்றேன். குமரேசன் தயங்கித்தான் எழுந்தார். இரக்கப்படுவதில் அவருக்கு ஆட்சேபமில்லை, ஆனால் நாளைக்கு எந்த வீட்டுக்கு உண்டு, எந்த வீட்டுக்கு இல்லை என்று யார் முடிவு செய்வது என்று கேட்டார். அதற்குள் ஜமீலாவே எழுந்துவிட்டாள். தானமாக வந்த தண்ணீரில் அவரைத் துடைத்தால் அவர் மனசு தாங்காது, வேண்டாம் என்றாள். அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது என்று சிலர் நாற்காலியை நகர்த்தினார்கள்.

சுருளிச்சாமி ஐயா உட்கார்ந்தபடியே பேசினார். "எங்க கெணத்துல ஒரு வீட்டுல நோவுன்னா, அடுத்த பங்காளி அவன் முறைய விட்டுருவான். தானமுன்னு யாரும் சொல்லமாட்டாக. நாளைக்கு இவன் வீட்டுல ஆளு படுக்கையில அவன் விடுவான். எங்க வீட்டுல கெழவனும் கெழவியும். வரம்புல பாதிகூடச் செலவில்ல. அந்த மிச்சத்த இந்தப் பிள்ள முறையில சேத்து எழுதுங்க." குமரேசன் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, தன் மீட்டரிலும் மிச்சம் இருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். மீட்டரை எதிர்த்தவருக்கும் கேட்டவருக்கும் இப்படி ஒரே இடத்தில் கணக்கு நேரானது. ஜமீலா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு இருவரையும் பார்த்தாள். "சரி, முறைன்னா எடுத்துக்குறேன். ஆனா உங்க வீட்டுல ஆளு படுத்தா வேற யாருகிட்டயும் போகக்கூடாது, எங்கிட்டத்தான் வந்து கேக்கணும்."

அன்றிலிருந்து கொடியில் விரிப்புகள் வரிசையாகக் காய்ந்தன. ஐப்பசி மழையில், முதுகில் ஒரு புண் இல்லாமல், இஸ்மாயில் பாய் இறந்துபோனார். இருபத்துநான்கு வீட்டில் மிகக் குறைவாக ஓடுவது இப்போது ஜமீலாவின் மீட்டர்தான், மாதம் பிறந்ததும் அவள் என்னிடம் கேட்பது தன் கணக்கை அல்ல, இந்த மாதம் எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதை.