பதினெட்டாவது காலடி

"எண்ணிட்டிருக்கும்போது பேசாதேன்னு எத்தன தடவ சொல்றது?"

இருபத்தாறு வருடமாக என் வீட்டுக்காரர் தினமும் படிக்கும் பாட்டு இது. பல் தேய்க்கப் போகும்போது எண்ணுவார். குப்பைக் கூடையை வாசலுக்குக் கொண்டுபோகும்போது எண்ணுவார். நடுவில் "உப்பு தீர்ந்துபோச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூடையோடு திரும்பி வந்து முதலிலிருந்து நடப்பார். கல்யாணமான புதிதில் மனுஷனுக்கு ஏதோ கோளாறு என்று பயந்தேன். பிறகுதான் தெரிந்தது, அதுதான் பிழைப்பு என்று.

கோல்ஃப் ஆடுபவர்களுக்குப் பை தூக்குவது அவர் வேலை. தூக்குவது பாதிதான். பந்து கிடக்கும் இடத்திலிருந்து குழிக்கு எத்தனை கெஜம், தண்ணீருக்கு எத்தனை கெஜம் என்று சொல்வது மீதி. அவர் போகும் போட்டிகளில் தூரம் அளக்கும் கருவிக்கு இடமில்லை. மைதானத்தார் தரும் அச்சுப் புத்தகம் ஒன்று, இவர் கால் ஒன்று. அவர் ஒரு காலடி வைத்தால் சரியாக ஒரு கெஜம். சந்தேகப்பட்டு என் தையல் டேப்பால் நானே அளந்து பார்த்திருக்கிறேன்.

ஆறு வருடமாக முப்பத்து மூன்று வயதுப் பெண் ஒருத்திக்குப் பை தூக்குகிறார். எங்கள் வீட்டில் அவளுக்குப் பேர் அவசரம். தண்ணீரைப் பார்த்தால் தாண்டி அடிக்கணும், மரத்தைப் பார்த்தால் மேலே அடிக்கணும். இவர் ஒவ்வொரு தடவையும் "முன்னாடியே போட்டு நிறுத்து" என்பார்.

"அண்ணே, உங்கள விட்டா பந்தப் பைக்குள்ளயே வச்சுக் குழி வரைக்கும் தூக்கிட்டு வந்துருவீங்க."

"பத்திரமா வந்து சேரும்ல?"

போன வருடம் அவருக்கு வலது முழங்காலில் அறுவை நடந்தது. ஆறாவது வாரமே பையைத் தூக்கிவிட்டார். ஒருநாள் காலை அவர் அடுப்படிக்குள் நுழையும்போது எண்ணிக்கை என் காதில் விழுந்தது.

"படுக்கையறையிலேர்ந்து இங்க பதினேழுன்னுதானே சொல்லுவீங்க? இன்னிக்குப் பதினெட்டு வருது."

"நடுவுல நீ பேசினே. அதான் தப்பாச்சு."

நான் வாயைத் திறந்ததே அவர் பதினெட்டு எண்ணிய பிறகுதான். சரி, நமக்கென்ன என்று தோசைக்கல்லைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

வருடக் கடைசிப் போட்டிக்கு நானும் போனேன். அதில் பிழைத்தால்தான் அவசரத்துக்கு அடுத்த வருடம் ஆட அனுமதி. இல்லையென்றால் அவளுக்கும் ஆட்டம் இல்லை, இவருக்கும் பை இல்லை. ஐம்பத்தொரு வயதில், வெட்டித் தைத்த முழங்காலோடு இருப்பவரை வேறு எவர் கூப்பிடப்போகிறார்கள்?

நாலாவது நாள், கடைசிக் குழி. நாலு அடியில் முடித்தால் அனுமதி உண்டு, அஞ்சு ஆனால் கிடையாது. முதல் அடி ஒழுங்காக நடுவில் விழுந்தது. முந்தின மூன்று நாளும் அவள் மரத்துக்குள் அடித்து வைத்ததால் எதிரே இருந்த குளத்தைப் பற்றி யாருக்கும் கவலை வரவில்லை. அன்றைக்கு வந்தது. அந்த வருடம்தான் குளத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். அச்சுப் புத்தகத்தில் பழைய குளம்தான் இருந்தது. புதுக் குளத்தின் கரைகளை இவர்தான் காலால் அளந்து நோட்டில் எழுதியிருந்தார். அந்தக் கணக்குப்படி பந்து கிடந்த இடத்திலிருந்து குளம் தொடங்க நூற்றுத் தொண்ணூறு, எதிர்க்கரைக்கு இருநூற்றுப் பதினாலு.

அவளால் காற்றில் அனுப்ப முடிந்தது இருநூற்றஞ்சு கெஜம். அதனால் பேச்சுக்கே இடமில்லை. நூற்றெண்பது அடித்து இக்கரையில் நிறுத்த வேண்டியது, மூன்றாவது அடியில் குழிக்குப் பக்கத்தில் போட வேண்டியது, ஒரே தட்டில் உள்ளே தள்ள வேண்டியது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவசரமே முந்திக்கொண்டு சின்ன மட்டையை எடுத்தாள்.

இவர் வழக்கம்போலப் பந்துக்கு முன்னும் பின்னும் நடந்து சரிபார்த்தார். அங்கே ஐம்பது கெஜத்துக்கு ஒரு கட்டை நட்டிருப்பார்கள். பின்கட்டையிலிருந்து பந்துக்கு இருபத்தொன்று. பந்திலிருந்து முன்கட்டைக்கு முப்பத்திரண்டு. கூட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஐம்பது வரவேண்டிய இடத்தில் ஐம்பத்து மூன்று.

வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அடுப்படி.

கால் எட்டவில்லை. கணக்கெல்லாம் கூடுதலாக எழுதியிருக்கிறார். குளம் அவர் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருக்கிறது. இந்த வாரம் நடந்த சின்னச் சின்னப் பிசகை எல்லாம் காற்றின் தலையில் கட்டியிருந்தார். இந்தத் தொழிலில் பை தூக்குபவர் தடுமாறவே கூடாது. தப்பான எண்ணைக்கூடத் தைரியமாகச் சொல்லணும் என்பார்கள், ஆடுபவள் கை நடுங்கினால் எல்லாம் போச்சாம். அவள் மட்டையை ஓங்கப் போகிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி காற்றுக்குப் போகும்.

"தங்கச்சி, மட்டைய உள்ள வை."

"ஏன்?"

"நூத்தியெம்பது அடிச்சா தண்ணி. என் கணக்கு தப்பு. ஆபரேஷனுக்கப்புறம் கால் குட்டையா விழுது."

"இத இப்பச் சொல்றீங்களா?"

"இப்பத்தான் எனக்கே தெரியுது."

நோட்டைப் பிரித்தார். உதடு அசைந்தது. "பதினேழ நான் பதினெட்டா எண்ணியிருக்கேன். குளம் தொடங்குறது நூத்தி எழுபத்தொம்பது. எதிர்க்கரை இருநூத்தி ரெண்டு."

இருநூற்று ரெண்டு என்று கேட்டதும் அவள் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. கை பெரிய மட்டைக்குப் போனது. "அப்பத் தாண்டிரும்ணே. மூணு கெஜம் கையில இருக்கு."

"அந்த மூணு கெஜம் என் கால் சொன்ன கணக்கு. அத நம்பி நீ அடிக்காத. நூத்தி அறுபத்தஞ்சு அடி. கணக்கு இன்னும் கொஞ்சம் பிசகினாலும் தண்ணிக்குப் போகாது."

"ஆறு வருஷமா இதே பாட்டு."

"ஆமா. இன்னிக்குக் காரணத்தோட பாடுறேன்."

அவள் பெரிய மட்டையில் கையை வைத்துக்கொண்டே குளத்தைப் பார்த்தாள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் முந்தானை நுனி கசங்கிச் சுருண்டது. கடைசியில் வேண்டாவெறுப்பாகச் சின்ன மட்டையை எடுத்து அடித்தாள். பந்து உருண்டு உருண்டு போய்க் கரைக்குப் பதினாலு கெஜம் முன்னால் நின்றது. நூற்றெண்பது அடித்திருந்தால் தவளைக்குத்தான் தானம்.

மூன்றாவது அடிக்கு இவர் நடக்க ஆரம்பித்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள். குழிக்கு நூறு கெஜம் என்று எழுதிய கட்டைக்குத் தானே போய், அங்கிருந்து பந்து வரை கால் எட்டி வைத்து நடந்தாள். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எண்ணிட்டிருக்கேன். பேசாதீங்கண்ணே."

பேசவில்லை. அந்த ஒரு காட்சியாலேயே நான் போனது வீண்போகவில்லை. முப்பத்தஞ்சு வந்தது, மீதி அறுபத்தஞ்சு. பந்து குளத்தைத் தாண்டி, குழியிலிருந்து நாலு காலடியில் போய் உட்கார்ந்தது. நாலாவது அடிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். பந்து குழிக்குள் விழும் சத்தம், டம்ளருக்குள் எலுமிச்சம்பழத்தைப் போட்டதுபோல, கயிறு வரை கேட்டது.

அவள் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் கார் நிறுத்தும் இடத்தில் என் தையல் டேப்பைத் தரையில் போட்டு, "நடங்கண்ணே" என்று நிற்கவைத்து அளக்கிறாள். முனகிக்கொண்டே நடக்கிறார்.

அடுத்த மாதமும் ஆடுகிறார்கள். உள்ளே போகச் சீட்டு வேண்டாம், கூட்டமும் இருக்காது. ஒருநாள் போய்ப் பாருங்கள். வலது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, உதட்டை அசைத்தபடி ஒருத்தர் நடந்தால் அவர்தான். நின்ற பிறகு பேசுங்கள், நன்றாகவே பேசுவார். நடக்கும்போது மட்டும் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள்.