பிரிச்சுப் பாரு சிஸ்டர்

குழந்தைகள் அவசரப் பிரிவில் வேலை பார்த்த அந்த நர்ஸுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் ‘பிரிச்சுப் பாரு சிஸ்டர்’. முதுகுக்குப் பின்னால் இன்னும் சில பெயர்கள் ஓடின. அவை அச்சில் ஏறத் தகுந்தவை அல்ல.

ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆறடி. சேவை செய்யத் துடித்தெல்லாம் நர்ஸிங் படிக்கவில்லை. கணக்கு வரவில்லை, படம் வரையவும் வரவில்லை, டீச்சர் வேலையை அக்கா முந்திக்கொண்டுவிட்டாள். “குழந்தைங்கள பிடிக்குமா?” என்று நேர்முகத் தேர்வில் கேட்டதற்கு, “தூங்கும்போது பிடிக்கும்” என்றாள். கேட்டவர் சிரித்துத் தொலைத்துவிட்டதால் வேலை கிடைத்தது.

முதல் மூன்று வருடம் அவளுடைய பெருமையெல்லாம் கட்டுப் போடுவதில்தான். டிரிப்ஸ் ஏற்றுவதற்காகக் குழந்தையின் நரம்பில் ஒரு மெல்லிய குழாயைச் செருகுவார்கள், கேனுலா என்று பெயர். குழந்தை அதைப் பிடுங்கிவிடும் என்ற பயத்தில் மேலே துணியைச் சுற்றுவார்கள். இவள் சுற்றினால் விரல் நுனிகூடத் தெரியாது. அதன்மேல் பேனாவால் முயல் வேறு வரைவாள். படம் வராதவள் வரைந்த முயல் என்பதால் அது பார்க்க எருமை போல இருக்கும். குழந்தைகள் அதற்கும் சிரிக்கும்.

ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு இரண்டு வயதுப் பெண் குழந்தை வந்தது. பாதத்தில் குழாய், சுற்றிலும் கட்டு, மேலே எருமை முயல். மத்தியானம் குழந்தை அழ ஆரம்பித்தது. அதன் அம்மா வந்து சொன்னாள்.

“சிஸ்டர், கால் வலிக்குதுன்னு காட்டுறா.”

“குழந்தைன்னா அழத்தாம்மா செய்யும். தூக்கி வச்சுக்கோங்க.”

அந்தத் தாய் இன்னொரு முறையும் வந்து சொன்னாள். இவள் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்து அனுப்பினாள். ஐந்து மணி நேரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது பாதம் பன் மாதிரி உப்பி, தோல் வெளுத்து, ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. குழாய் எப்போதோ நரம்பை விட்டு நழுவிவிட்டது. அத்தனை மருந்துத் தண்ணீரும் தோலுக்கடியில் தேங்கிக் கிடந்தது.

“நான் சொன்னேனே சிஸ்டர்” என்றாள் அந்தத் தாய். நாலு வசவு விட்டிருந்தால் இவளும் பதிலுக்கு எதையாவது கத்திவிட்டு மறந்திருப்பாள். புண் ஆற மூன்று வாரமானது. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தழும்பு மட்டும் நின்றுவிட்டது. வீட்டில் அவளுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. “சமையல் அவ்வளவு மோசமா?” என்று கேட்ட கணவருக்கு அன்று விழுந்த திட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் ஒரு தொல்லையாக மாறினாள். மணிக்கு ஒரு தடவை கட்டில் கட்டிலாகப் போய்க் குழாய் நுழையும் இடத்தைப் பார்ப்பாள், தொடுவாள், அந்தக் கையையும் இந்தக் கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவாள். துணிக்கட்டைத் தூக்கியெறிந்துவிட்டு, உள்ளே தெரிகிற கண்ணாடி மாதிரியான ஒட்டு வாங்கித் தரச் சொல்லி ஸ்டோர்காரரின் உயிரை வாங்கினாள். தன் பாட்டுக்கு மருந்தைத் தள்ளிக்கொண்டிருக்கும் பம்பைக் காட்டி, “இது கத்தும்னு நம்பி உக்காராதீங்க. குழாய் வெளிய வந்தாலும் இது தள்ளிக்கிட்டேதான் இருக்கும். மெஷினுக்கா வலிக்கப் போகுது?” என்பாள். வாயால் குடிக்கத் தொடங்கிவிட்ட குழந்தையின் கையில் சும்மா கிடக்கும் குழாயைக் கண்டால், எடுத்துவிடச் சொல்லி டாக்டரைத் துரத்துவாள். “வேலையில்லாம உள்ள கிடந்தா கிருமிக்குக் கதவு திறந்து வச்ச மாதிரி சார்.” ஒரே ஆள் இரண்டு முறைக்கு மேல் குத்தக் கூடாது, மூன்றாவதுக்கு ஆளை மாற்ற வேண்டும் என்று ஒரு சட்டத்தையும் அவளே போட்டுக்கொண்டாள். அதை மீறிய ஒரு டியூட்டி டாக்டரின் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிய கதை அந்தப் பிரிவில் இன்றும் ஓடுகிறது.

வீட்டிலும் பழக்கம் விடவில்லை. கணவரின் கையைப் பிடித்தால் புறங்கையை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பாள். “ஆசையாப் பிடிக்கிறேன்னு நினைச்சேன். வீங்கியிருக்கா இல்லையா, சொல்லிட்டுப் போ” என்பார் அவர்.

பெரிய டாக்டருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. “இது அவசரப் பிரிவு, அழகு நிலையம் இல்ல. ஒவ்வொரு கையா தடவிப் பாத்துக்கிட்டிருக்க நேரம் ஏது?” என்று ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“நல்லா வந்த கைய நாமளே கெடுத்து அனுப்பக் கூடாது பாருங்க சார், அதுக்குத்தான்” என்றாள் அவள். யாரோ இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார்கள். மறுநாளிலிருந்து அவளுக்கு வரிசையாக யாருக்கும் வேண்டாத ஷிஃப்டுகள்.

அந்த நிலையில்தான் ஒரு காலை வேளை, வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் எட்டு மாதக் குழந்தை வந்தது. வலிப்பு வந்து நின்றிருந்தது. ரத்தத்தில் கால்சியம் மிகக் குறைவு, உடனே நரம்பு வழியாகக் கொடுக்க வேண்டும். கையில் ஏற்கெனவே ஒரு குழாய், அதன்மேல் கிரிக்கெட் பந்து மாதிரி மூன்று சுற்றுக் கட்டு.

“லைன் ரெடியா இருக்கே. மெதுவா மருந்த ஏத்துங்க” என்றார் பெரிய டாக்டர்.

“பிரிச்சுப் பாத்துட்டு ஏத்தலாம் சார்.”

“இப்போவா? மறுபடி வலிப்பு வந்தா நீ பதில் சொல்லுவியா?”

“கால்சியம் வெளிய கசிஞ்சா தோலே வெந்துபோயிடும். அதுக்கு யாரு பதில் சொல்றது? அரை நிமிஷம் சார்.” சொல்லிக்கொண்டே கத்தரியை எடுத்துக் கட்டை வெட்டிவிட்டாள். உள்ளே அந்தச் சின்னப் புறங்கை வீங்கி இறுகி, ஜில்லென்று இருந்தது. குழாய் நரம்பிலேயே இல்லை.

பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, “வேற லைன் போடு” என்றார்.

கதாநாயகி ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டாள் என்று எழுதத்தான் ஆசை. நடந்தது வேறு. பழைய குழாயை எடுத்துவிட்டு மறு கையில் முயன்றாள், தவறியது. காலில் முயன்றாள், நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. இன்னொரு நரம்பு லேசாகத் தெரிந்தது. கை தானாக அந்தப் பக்கம் போனது. சுற்றி நின்ற அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள், அந்தச் சட்டம் யார் போட்டது என்று எல்லாருக்கும் தெரியும்.

நிமிர்ந்து, அந்த வார்டிலேயே அவளுக்கு ஆகவே ஆகாத ‘நெட்டை’ சிஸ்டரைக் கூப்பிட்டாள். இருவரும் பேசிக்கொள்ளாமல் ஒன்றரை வருடமாகிறது. காரணம் ஒரு ஃபேன் ஸ்விட்ச்.

“எனக்கு ரெண்டு ஆச்சு. நீ வா.”

நெட்டை கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். முழங்காலை மடக்கிக் கட்டில் உயரத்துக்கு இறங்கி, குழந்தையின் கணுக்காலைப் பிடித்து, மூச்சை அடக்கி ஒரே குத்து. சிவப்பாக ரத்தம் எட்டிப் பார்த்தது. கொஞ்சம் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார்கள், வீக்கமில்லை. கால்சியத்தை டாக்டர் மெதுவாக ஏற்ற, இதயத் துடிப்புத் திரையில் ஒரு கண்ணும் கணுக்காலில் ஒரு கண்ணுமாக இவள் கடைசிச் சொட்டு வரை நின்றாள். வலிப்பு திரும்பவில்லை. குழந்தை ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனது, தழும்பு எதுவும் இல்லாமல்.

“ஒரே குத்து” என்று நெட்டை அன்றைக்கு ஆரம்பித்தவள்தான், பார்க்கிற ஆளிடமெல்லாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஃபேன் ஸ்விட்ச் தகராறு மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த வாரம் பெரிய டாக்டர் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மணிக்கொருமுறை பார்க்க வேண்டும், கட்டால் மூடக் கூடாது, வெளியிலிருந்து வரும் எந்தக் குழாயையும் சோதிக்காமல் மருந்து ஏற்றக் கூடாது. ஏதோ அவரே குளிக்கும்போது கண்டுபிடித்தது மாதிரி எழுதியிருந்தார். அவள் படித்துவிட்டு, “எழுத்துப் பிழை ரெண்டு இருக்கு” என்றாள். அவ்வளவுதான் அவள் கொண்டாட்டம். வீக்கம் அடியோடு நின்றுவிட்டதா என்றால் இல்லை. ஆனால் முட்டை அளவுக்கு வளர விடாமல் பட்டாணி அளவிலேயே பிடித்தார்கள்.

பெற்றோருக்கும் அவள் வேலை கொடுத்தாள். “சிவந்தா, வீங்கினா, ஈரமா இருந்தா, தொட்டா அழுதா, என்னைக் கூப்பிடுங்க. சும்மா தோணிச்சுன்னாலும் கூப்பிடுங்க.” ஒரு அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒரே ஷிஃப்டில் பத்து முறை கூப்பிட்டார். பத்து முறையும் ஒன்றுமில்லை. பத்து முறையும் அவள் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். பதினோராவது முறை குழாயின் வாயருகே ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது. உடனே எடுத்துவிட்டாள். பையன் அதற்குள் வாயால் குடிக்க ஆரம்பித்திருந்ததால் புதிதாகக் குத்த வேண்டியிருக்கவில்லை.

“தொந்தரவு பண்ணிட்டேனா சிஸ்டர்?” என்றார் அந்த அப்பா.

“பண்ணீங்க. நல்லா பண்ணீங்க.”

“இனிமேலும் கூப்பிடலாமா?”

“தாராளமா. ஆனா வாந்தி வந்தா மட்டும் முதல்ல பாத்திரத்தைப் பிடிங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்க” என்றாள் அவள், வாந்திக் கறை படிந்த தன் சட்டையைக் குனிந்து பார்த்தபடி.